குயின்ஸ் மார்க்கெட்டில அண்டைக்கு அஸ்டா வந்திருந்தால் நல்லதோ?

2025 மார்ச் 2, ஞாயிறு. ஒரு வாசகர் கேட்டது:

"கிழக்கு லண்டன் அப்டன் பார்க்குக்கு வந்து கொஞ்ச நாள்தான். கிறீன் ஸ்ட்ரீட் குயின்ஸ் மார்க்கெட்டுக்குள்ள போனால் ஒரே சன நெரிசல், மீன் மணம், கார் விட இடமில்லை. முந்தி இதில பெரிய அஸ்டா சூப்பர்மார்க்கெட் ஒண்டு வர இருந்ததாம், சனம் சேர்ந்து துரத்திப்போட்டுதாம். வந்திருந்தால் எல்லாம் ஒரே இடத்தில மலிவா வாங்கியிருக்கலாம் தானே? நாலு யாவாரிக்காக முழு ஊரும் நட்டப்பட வேணுமோ?"

மார்ச் 4, செவ்வாய், இரவு

மற்றதெல்லாம் பிறகு. "மலிவா" எண்டீங்கள், அதுக்கு முதல்ல மறுமொழி. 2006 இல நியூ எகனொமிக்ஸ் ஃபவுண்டேஷன் எண்ட ஆய்வு நிறுவனம் இதே சந்தையை எடுத்து வடிவாக் கணக்குப் பாத்தது. சந்தையில வாங்கின சாமான் பக்கத்து அஸ்டாவை விடச் சராசரி 53 சதவீதம் மலிவு. 581 பேருக்கு வேலை. உள்ளூருக்கு 13 மில்லியன் பவுணுக்கு மேல வருமானம். சதுர மீற்றருக்கு எத்தினை பேருக்கு வேலை எண்டு பாத்தாலும் சூப்பர்மார்க்கெட்டை விட இரட்டிப்பு. அஸ்டா அப்ப வால்மார்ட்டின்ர கையில இருந்தது, 1999 இல வாங்கினவை, மலிவு விலைக்கெண்டே உலகம் முழுக்கப் பேர்போன கொம்பனி, அதையே கிறீன் ஸ்ட்ரீட்டில ஒரு பேசின் தக்காளி தோற்கடிச்சிருக்கு.

பேசின் எண்டது சந்தைக்குப் போறவைக்குத் தெரியும். சில்வர் பேசினில தக்காளி, வெண்டிக்காய், பச்சை மிளகாய், தேசிக்காய் எண்டு தனித்தனியாக் குவிச்சு, "பேசின் ஒரு பவுண்" எண்டு அட்டையில எழுதிக் குத்தியிருப்பினம். காசை நீட்டினால் நீலச் சொப்பிங் பையை விரிச்சு ஒரே கவிழ்ப்பு. அப்ப மேல கிடந்தது அடியில போகும், அடியில கிடந்தது மேல வரும், அந்த ஒரு செக்கனுக்குள்ள அம்மா எல்லாத்தையும் பாத்திடுவா. நசிஞ்சது ஒண்டு கண்ணில பட்டால் "தம்பி, இதை மாத்து" எண்டு தமிழிலயே சொல்லுவா. யாவாரி பாகிஸ்தான்காரன், ஒரு சொல் விளங்காது, ஆனால் மாத்திக் குடுப்பான். சூப்பர்மார்க்கெட்டில வெண்டிக்காய் பிளாஸ்டிக் தட்டில எண்ணி வைச்ச மாதிரிக் கொஞ்சம், அதுக்கு மேல பொலித்தீன், முறிச்சுப் பாக்கவும் ஏலாது. வெண்டிக்காயை நுனி முறிச்சுப் பாக்காமல் வாங்கிறதெண்டால் அம்மாவைப் பொறுத்தவரை அது வாங்கிறதே இல்லை.

ஆனால் பால், உடுப்புத் தோய்க்கிற பவுடர், பிள்ளைக்கு டயப்பர், காலைச் சாப்பாட்டுச் சீரியல், இதுகளுக்குச் சந்தை சரிவராது. எங்கட மனிசி இதுகளை வாங்க பெக்டனுக்குக் காரில போறவ, போய் அஸ்டாவிலதான் வாங்கிறவ, நானும் கூடப்போய் ட்ரொலி தள்ளுறனான். அப்ப மலிவு எண்டது எந்தக் கூடைக்கு எண்டு முதல்ல கேக்கவேணும். சமைக்கிற குசினிக்கு ஒரு கூடை, பெட்டியை உடைச்சுச் சாப்பிடுற வீட்டுக்கு இன்னொரு கூடை.

மார்ச் 4, கொஞ்சம் கழிச்சு

மேல சொன்னது 2006 இன்ர கணக்கு. இண்டைக்கும் அதே 53 எண்டு என்ர பேரைச் சொல்லி ஒருத்தரும் வாட்ஸப்பில அனுப்பவேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

"சனம் துரத்திப்போட்டுது" எண்டது பாதிக் கதை. இது ரோட்டோரச் சந்தையாத் தொடங்கி 1960களில கூரைக்குக் கீழ வந்த சந்தை. நிலம் இந்தப் பகுதியின்ர உள்ளூராட்சி, நியூஹாம் கவுன்சிலின்ர. கவுன்சில்தான் செயின்ட் மொட்வென் எண்ட டெவலப்பரைக் கூட்டிக்கொண்டு வந்து, உள்ளதை இடிச்சுப்போட்டு ஒரு அஸ்டா, மேல தொடர்மாடி, மிச்ச இடத்தில புதுச் சந்தை எண்டு படம் கீறிக் காட்டினது. யாவாரிமாரும் வாங்கிற சனமும் சேர்ந்து குயின்ஸ் மார்க்கெட் நண்பர்கள் எண்டு ஒரு குழுவாக் கிளம்பிச்சினம். கையெழுத்து, ஊர்வலம், கூட்டம், கவுன்சிலுக்கு முன்னால பதாகை. 2006 இல அஸ்டா தானாவே விலகிப்போச்சு. கவுன்சிலின்ர ஒரு பிளானிங் கொமிட்டியும் அவையை மறுக்கேல்லை. இவ்வளவு சத்தத்துக்குள்ள போய்க் கடை திறக்கிறது யாவாரத்துக்குச் சரிவராது எண்டு அவையே கணக்குப் பாத்திருப்பினம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

அதோட கதை முடியேல்லை. சூப்பர்மார்க்கெட்காரன் போனான், திட்டம் போகேல்லை. பிறகு 31 மாடிக் கோபுரம் ஒண்டோட திரும்ப வந்துது. அதைக் கடைசியில 2009 இல லண்டன் மேயர் மறுக்கச் சொல்லிப்போட்டார். மேயர் ஆர் எண்டால் பொறிஸ் ஜோன்சன். கவுன்சில் லேபர் கட்சியின்ர, காப்பாத்தினது கொன்சர்வேட்டிவ் மேயர். அண்டைக்கு கிறீன் ஸ்ட்ரீட்டில வாழ்க்கையில ஒருநாளும் கொன்சர்வேட்டிவுக்குப் போடாத ஆக்கள் எல்லாம் அந்தாளைப் புகழ்ந்து கதைச்சதை நான் என்ர காதால கேட்டனான்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு அண்ணை எழுதியிருக்கிறார், "பொறிஸ் சந்தையைக் காப்பாத்தினவர் எண்டு சொல்லாதேங்கோ, அவருக்குக் கோபுரம்தான் பிடிக்கேல்லை" எண்டு. ரெண்டும் இருந்தது அண்ணை. உயரமும் ஒரு காரணம், அந்தச் சந்தையில இருக்கிற பலவகைச் சனமும் கடையும் இல்லாமல் போயிடும் எண்டதும் ஒரு காரணம். கோபுரம் கொஞ்சம் பதிவாக் கீறியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு நானும் சில நேரம் யோசிக்கிறனான்.

மற்றது, "ஏழைச் சனத்துக்கு மலிவுச் சாப்பாடு வேணும், அதுக்குத்தான் நாங்கள் வாறம்" எண்டு டெவலப்பர்மார் சொல்லுறதை மட்டும் என்னால பொறுக்க ஏலாது. ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை.

மார்ச் 9, ஞாயிறு

மீன் மணம் பற்றி. ஓம், இருக்கு. மீன் விக்கிற இடத்தில மல்லிகைப்பூவோ மணக்கும்? விளைமீன், பாரை, கணவாய், நண்டு, இதுகளைத் தலையோட வைச்சு விக்கிற இடத்தில மணக்கத்தான் செய்யும். தலை இல்லாமல் சொதி எப்பிடி வைக்கிறது?

ஆனால் கேள்வி கேட்ட தம்பியை நக்கலடிச்சுப்போட்டுப் போறதும் சரியில்லை. மழை நாளில பிள்ளையை வண்டிலில வைச்சுத் தள்ளிக்கொண்டு அந்த நெரிசலுக்குள்ள போறது லேசான வேலையோ? என்ர மகள் சின்னனா இருக்கேக்க நான் ஒரு கையால வண்டில், மறுகையால முருங்கைக்காய்க் கட்டு எண்டு நிண்டு பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு திட்டத்தை நிப்பாட்டுறது ஒரு வேலை, பழங்கட்டடம் ஒண்டைத் திருத்துறது வேற வேலை. முதல் வேலைக்கு நூறு பேர் பதாகையோட வருவினம். ரெண்டாவது வேலைக்குக் கூட்டம் வைச்சால் கதிரைதான் இருக்கும். அண்டைக்கு எதிர்த்தவை எதிர்த்தது சரி எண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறன், ஆனால் "அஸ்டா வேண்டாம்" எண்டதோட நிண்டால் இவர் கேக்கிற கேள்வி பத்து வருசத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொருக்காலும் புது ஆக்கள் வந்து கேப்பினம், அவையளுக்கு 2006 எல்லாம் பாட்டி காலத்துக் கதை.

மார்ச் 11, செவ்வாய்

இப்ப ஒரு அக்கா, ஈஸ்ட் ஹாம் பக்கம், புதுசா ஒண்டு கேட்டிருக்கிறா. தங்கட ரோட்டு முனையில பாங்க் ஒண்டு பூட்டிக்கிடந்ததாம், இப்ப அதில ஒரு பெரிய கொம்பனியின்ர சின்னச் சூப்பர்மார்க்கெட் வரப்போகுதாம், பக்கத்தில மூண்டு தமிழ்க்கடை, "குயின்ஸ் மார்க்கெட்டில செய்த மாதிரி நாங்களும் கையெழுத்து வாங்கலாமோ" எண்டு.

அக்கா, வாங்கலாம், ஆனால் ஏமாறப்போறீங்கள். ஏன் எண்டு சொல்லுறன்.

குயின்ஸ் மார்க்கெட்டின்ர நிலம் கவுன்சிலின்ர. கவுன்சிலுக்கு வோட்டு வேணும். அதால கையெழுத்துக்குப் பெறுமதி இருந்தது. உங்கட பாங்க் கட்டடம் ஆரோ ஒரு தனியாளின்ர, அவருக்கு வாடகை வந்தால் காணும், உங்கட வோட்டு அவருக்கு எதுக்கு? எந்தக் கடை வந்தாலும் முதல் கேள்வி நிலம் ஆரின்ர எண்டதுதான், அதைப் பாக்காமல் பதாகை எழுதத் தொடங்கினால் மை வீண்.

அடுத்தது சட்டம். இங்கிலாந்தில 2020 செப்டம்பர் 1 இல இருந்து கடை, பாங்க், கஃபே, ஒஃபிஸ், ஜிம், டொக்டர் பாக்கிற இடம் எல்லாம் ஒரே வகுப்பு, ஈ வகுப்பு எண்டு சொல்லுவினம். ஒரே வகுப்புக்குள்ள ஒண்டை மற்றதா மாத்த பிளானிங் அனுமதியே தேவையில்லை. அதாவது பாங்கைச் சூப்பர்மார்க்கெட்டா மாத்தலாமோ எண்டு கவுன்சிலிட்ட ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை, கேக்காததை மறுக்கவும் ஏலாது. முந்தி பப்புகளுக்கும் இதே கதைதான். 2017 மே மாதம் வரைக்கும் ஒரு பப்பை அனுமதி கேக்காமல் கடையாக்கலாம். எத்தினை பப் ராவோட ராவா டெஸ்கோ கொம்பனியின்ர சின்னச் சூப்பர்மார்க்கெட், டெஸ்கோ எக்ஸ்பிரஸ் ஆனது எண்டு லண்டனில கொஞ்சக் காலம் இருந்த ஆரையும் கேளுங்கோ. வெளிச்சுவரில பழைய பப்பின்ர பேர் கல்லில வெட்டிக்கிடக்கும், உள்ளுக்கு ரில்லில "பொருளைத் தட்டில வையுங்கோ" எண்டு மிசின் கத்திக்கொண்டிருக்கும்.

அனுமதி கேக்கவேண்டிய இடத்திலயும், "எங்கட சின்னக் கடையள் படுத்திடும்" எண்டு எழுதினால் கொமிட்டி அதைக் கணக்கில எடுக்காது. கடைக்குக் கடை போட்டி எண்டது காரணமில்லை. வாறவன் ஆர் எண்டதும் காரணமில்லை. லொறி எங்க நிக்கும், சத்தம் எவ்வளவு, ரோட்டில நெரிசல் வருமோ, பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறையுமோ, இதுகள்தான் காரணம். 2008 இல கொம்பெட்டிஷன் கொமிஷன், யாவாரப் போட்டியைக் கவனிச்ச அரச அமைப்பு, பெரிய விசாரணை ஒண்டு வைச்சு, ஒரு ஊரில ஒரே கொம்பனி அளவுக்கு மிஞ்சிப் பிடிக்காமல் இருக்கப் பிளானிங்கில ஒரு போட்டிச் சோதனை வைக்கவேணும் எண்டு சிபாரிசு செய்தது. டெஸ்கோ அதை எதிர்த்து அப்பீலுக்குப் போனது. கொமிஷன் திருத்தித் திரும்பவும் சொன்னது. அரசாங்கம் அதைச் செய்யவேயில்லை.

மார்ச் 12, புதன்

நேத்து எழுதினதை வாசிச்ச ரெண்டு பேர் "அப்ப ஒண்டுமே செய்ய ஏலாதோ" எண்டு மனம் விட்டுப்போச்சினம். மற்ற ஊரில நடந்ததைப் பாருங்கோ.

கேம்பிரிட்ஜ் மில் ரோட். எங்கட கிறீன் ஸ்ட்ரீட் மாதிரியே பலவகைச் சனம், சின்னச் சின்னக் கடை. டெஸ்கோ வரப்போகுதெண்டு 2007 இல எதிர்ப்புத் தொடங்கினது. பின்பக்கம் பெருப்பிக்கக் கேட்டதைக் கவுன்சில் மறுத்தது, அப்பீலிலயும் டெஸ்கோ தோத்தது. அதுக்குப் பிறகும் 2009 ஆகஸ்டில கடை திறந்தது, ஏனெண்டால் இருந்த கட்டடத்துக்குள்ள கடை நடத்த ஒரு அனுமதியும் தேவைப்படேல்லை. வெண்டும் தோத்த கேஸ்.

பிறிஸ்டல் ஸ்டோக்ஸ் குரொப்ட். முந்தி கொமெடி கிளப் ஒண்டு இருந்த கட்டடத்தில டெஸ்கோ 2011 ஏப்ரலில திறந்து சில நாளுக்குள்ள, பொலிஸ் எதிர்ப்பக்கத்து வீடொண்டுக்குள்ள புகுந்ததில கலவரம் வெடிச்சு, கடைக் கண்ணாடி தூள். கண்ணாடியைத் திரும்பப் போட்டினம், கடை திரும்பத் திறந்தது.

ஷெரிங்ஹாம் எண்டு நோர்ஃபோக் கடற்கரையில ஒரு சின்ன ரவுண். 1996 இல டெஸ்கோ முதல் கேட்டது, கடை திறந்தது 2013 இல. அண்டைக்குப் பிறந்த பிள்ளை ஓ லெவல் முடிச்சிருக்கும்.

பகிடி என்னெண்டால் லண்டனுக்கு வெளியில ஜெராட்ஸ் குரொஸ் எண்ட ஊர். ரயில் பாதைக்கு மேல சுரங்கம் கட்டி, அதுக்கு மேல மண் போட்டு, அதுக்கு மேல டெஸ்கோ எண்டு திட்டம். ஊர்ச்சனம் வேண்டாம் எண்டது, கவுன்சில் வேண்டாம் எண்டது, மேலிடம் ஓம் எண்டது. 2005 ஜூன் 30 இல கட்டிக்கொண்டிருந்த சுரங்கம் பொறிஞ்சு தண்டவாளத்தில விழுந்தது. தெய்வாதீனமா ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. அந்தப் பாதையால லண்டன் மேரிலபோனுக்குப் போற ரயில் கிழமைக்கணக்கில ஓடேல்லை. அதுக்குப் பிறகாவது விட்டிருப்பினம் எண்டு நினைப்பீங்கள். 2010 இல திறந்தவை.

மார்ச் 13, வியாழன்

"ஏன் எல்லாச் சின்னச் சூப்பர்மார்க்கெட்டும் ஒரே அளவு?" எண்டு கேட்டவருக்கு: 280 சதுர மீற்றருக்கு மேல போனால் ஞாயிறில ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம், 1994 சட்டம். அதுக்குக் கீழ எண்டால் விடிய விடியத் திறக்கலாம். அந்தச் சலுகை எங்கட கடையள் மாதிரிச் சின்னக் கடைக்குக் குடுத்தது. பெரியவன் சின்ன உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து அதையும் எடுத்திட்டான்.

மார்ச் 15, சனி, இரவு

இதை எழுதினால் பேச்சு வாங்குவன், எண்டாலும் எழுதுறன்.

நான் இஞ்ச வந்த புதுசில ஒரு தமிழ்க்கடையில நிண்டனான். எந்த ஊர், ஆரின்ர கடை எண்டு கேக்காதேங்கோ. காலமை அரிசி மூட்டை இறக்கத் தொடங்கினால் இரவு ஷட்டர் இழுக்கிற வரைக்கும் நிலையில நிக்கவேணும். சம்பளம் கையில, சிட்டை இல்லை, லீவு எண்டு கேட்டால் "ஏன் தம்பி, நாளைக்கு வர விருப்பமில்லையோ" எண்டுவினம். அதே முதலாளி ஐயா பண்டிகைக்கு எல்லாருக்கும் சாப்பாடு போடுவார், அம்மாவுக்கு ஊருக்குக் காசு அனுப்பக் கடன் தந்தவர், வட்டி கேக்கேல்லை. பிறகு நான் ஒரு சூப்பர்மார்க்கெட்டில ராத்திரி ஷெல்ஃப் நிரப்பப் போனன். அங்க என்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் சம்பளச் சிட்டை வந்தது, லீவுக்குக் காசு வந்தது, அந்தச் சிட்டையைக் காட்டித்தான் வீடு வாடகைக்கு எடுத்தனான்.

அதால "சின்னக் கடை எண்டால் நல்லது, பெரிய கடை எண்டால் கூடாது" எண்டு ஆரும் மேடையில சொல்லேக்க நான் கையை மடக்கிக்கொண்டு பின்னுக்கு நிக்கிறனான். பாதுகாக்கவேணும் எண்டால் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லவேணும், வேலை செய்யிற பெடியனின்ர சம்பளத்தையும் சேர்த்து.

வாகனம் நிப்பாட்டக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில வான் நிப்பாட்டி வெங்காய மூட்டை இறக்கிறதும் நாங்கள்தான். நாளைக்குக் கூட்டத்தில "லொறி நெரிசல்" எண்டு வாயைத் திறக்கேக்க எதிர்ப்பக்கத்து வக்கீல் ஒரு ஃபோட்டோவை எடுத்து நீட்டினால் என்ன செய்வீங்கள்?

மார்ச் 16, ஞாயிறு

எதிர்பார்த்த பேச்சு வந்தாச்சு. "உங்களைப் போல ஆக்களாலதான் எங்கட ஆக்கள் முன்னேறுறதில்லை." சரி.

இன்னொருத்தர் மட்டும் நல்லதொண்டு கேட்டார். பெரிய கடை வந்தால் அதுக்கு வாற சனம் பக்கத்துச் சின்னக் கடைக்கும் போகும் தானே? இடத்தைப் பொறுத்தது. கடை ரோட்டுக்கு நடுவில இருந்து, கார்பார்க் இல்லாமல், சனம் நடந்து வந்தால் போகும். கார்பார்க்கோட ஒதுக்குப்புறத்தில இருந்தால் ட்ரொலியில இருந்து கார், காரில இருந்து வீடு, ஒரு குஞ்சும் ரோட்டுக்கு வராது. சனத்தின்ர கால்தான் யாவாரம். வெஸ்ட் ஹாம் ஃபுட்போல் கிளப் ஆக்கள் 2016 மே மாதம் கிறீன் ஸ்ட்ரீட்டில இருந்த போலின் மைதானத்தை விட்டு ஸ்ட்ராட்ஃபோர்ட்டுக்குப் போனதைப் பாருங்கோ, முந்தி மச் நாளில கிறீன் ஸ்ட்ரீட்டில நடக்க இடமில்லாமல் கிடக்கும், ஷேர்ட்டில இருந்து பியர் மணம், நாங்கள் அம்மாவை வீட்டில விட்டிட்டுத்தான் சந்தைக்குப் போவம், போனபிறகுதான் சாப்பாட்டுக் கடைக்காரர் எத்தினை பேர் அந்தக் கூட்டத்தை நம்பி இருந்தவை எண்டு விளங்கினது. மைதானம் இருந்த இடத்தில இப்ப தொடர்மாடி. அந்தத் தொடர்மாடிச் சனம்தான் "கார் விட இடமில்லை" எண்டு கேக்கிற சனமும், இதைக் குறையாச் சொல்லேல்லை.

மார்ச் 20, வியாழன்

ஈஸ்ட் ஹாம் அக்கா திரும்ப எழுதினவ. பாங்க் வாசலில ரெண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்காம், ஒண்டு வெள்ளை, ஒண்டு வெளிர்நீலம்.

அக்கா, அந்த நீலத்தை முதல்ல வாசியுங்கோ. அனேகமா அது மதுபான லைசென்ஸ். 2003 சட்டப்படி 28 நாள் இருக்கு, அதுக்குள்ள எழுத்தில குடுக்கவேணும். கணக்கில எடுக்கிறது நாலே நாலு: குற்றமும் குழப்பமும், சனத்தின்ர பாதுகாப்பு, பொதுத்தொல்லை, பிள்ளையளுக்கு வாற தீங்கு. "எங்கட கடையில யாவாரம் படுத்திடும்" எண்டு ஒரு சொல்லும் எழுதாதேங்கோ. பக்கத்தில பள்ளிக்கூடம் இருக்கெண்டால் எழுதுங்கோ, இரவில பஸ் தரிப்பில குடிச்சுப்போட்டு நிக்கிற ஆக்களால என்ன நடந்தது எண்டு திகதி போட்டு எழுதுங்கோ. லைசென்ஸை முழுக்க மறுப்பினம் எண்டு நினைக்காதேங்கோ, விக்கிற நேரத்தைக் குறைச்சால் அதுவே பெரிய காரியம்.

வெள்ளை நோட்டீஸ் பிளானிங். அவை கடை நடத்தக் கேக்கேல்லை, வாசல் கண்ணாடி மாத்த, பின்பக்கம் ஏசி, குளிர் மிசின் வைக்கத்தான் கேட்டிருப்பினம். அதுக்கு 21 நாள். பின்வளவில ஆற்ற படுக்கை அறை ஜன்னல் இருக்கோ அவையைக் கொண்டு எழுதவையுங்கோ, இரவு முழுக்க மிசின் இரையும் எண்டு. லொறி எத்தினை மணிக்கு வரலாம் எண்டு கண்டிசன் போடச் சொல்லிக் கேளுங்கோ. ஒரே கடிதத்தைப் போட்டோக்கொப்பி அடிச்சு ஐம்பது பேர் கையெழுத்து வைக்கிறதை விட, அஞ்சு பேர் அஞ்சு விதமாத் தங்கட சொல்லில எழுதினால் பலன் கூட.

ரெண்டு நோட்டீஸையும் கிட்ட நிண்டு வடிவா ஃபோட்டோ எடுத்து இதில போடுங்கோ, மூலையில இருக்கிற இலக்கம் தெரியவேணும். சனிக்கிழமை பின்னேரம் எனக்கு வேலை இல்லை, கடைக்கார அண்ணைமாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, இருந்து எழுதுவம். வான் நிப்பாட்டுறதைப் பற்றியும் அவையோட கொஞ்சம் கதைக்கக் கிடக்கு.